பூப்பந்து பறந்த வரலாறு

விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் வீரர்களின் பெயர்களையும் வெற்றி பெற்ற ஆண்டுகளையும் நிரல்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். ஆடப்பட்ட பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை அவர்கள் எண்ணுவதில்லை. நம் நாட்டுப் பூப்பந்தாட்டத்தைப் பற்றிய எழுத்துகளில் இக்குறை மிகுதி. ஐந்து கிராம் எடையுள்ள ஒரு சிறு பொருள் எதனால் ஆனது, எவ்வாறு அமைந்தது என்பதே அது பறக்கும் வகையை முடிவு செய்கின்றது. அது பறக்கும் வகையே ஆடுவோரின் கையைப் பழக்குகின்றது. இதனை நான் நூலிலிருந்து மட்டும் கற்றேனல்லேன். என் மாணவி ஒருத்தியின் தோல்வியிலிருந்தும் கற்றேன். அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

முதலில் பெயரைக் கவனிப்போம். மலேசியத் தமிழர் பூப்பந்து என வழங்கும் ஆட்டத்தைத் தமிழகத்தார் இறகுப்பந்து என்பர். அங்கே பூப்பந்து என்றால், கம்பளி நூலால் சுற்றப்பட்ட மஞ்சள் நிறப் பந்தைக் கொண்டு ஆடப்படும் வேறோர் ஆட்டம். அது தஞ்சையில் தோன்றியது என்பர். இப்பெயர்க் குழப்பத்தின் பின்னே காற்று நிற்கின்றது. பூனாவில் இருந்த ஆங்கிலேயப் படையினர் 1870ஆம் ஆண்டுகளில் இறகுப்பந்தாட்டத்திற்கு விதிகள் வகுத்தனர். ஆனால், வெட்டவெளியில் ஆடும்போது மெல்லிய காற்றும் இறகுப்பந்தைத் திசைமாற்றிவிடும். 27 முதல் 30 கிராம் வரை எடையுள்ள கம்பளிப் பந்தோ காற்றுக்கு எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. பொருளை மாற்றியதால் ஆட்டமே வேறாயிற்று.

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நாங்கள் சிறுவராயிருந்தபோது எங்களுக்குக் கம்பளிப் பந்து தெரியாது. லயத்து வீடுகளின் முன்னே செம்மண் தரையைக் கூட்டி, சுண்ணாம்பால் கோடிட்டு, இரண்டு கம்பங்களுக்கிடையே வலை கட்டுவோம். மாலையில் காற்று அடங்கிய பின்னரே ஆட்டம் தொடங்கும். நகரத்தில், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த உறவினர் வீட்டுக்குச் சென்றால், அங்கும் அதே காத்திருப்புத்தான். பந்தின் இறகுகளில் பாதி உதிர்ந்திருக்கும். ஆயினும் அதனை எறிய மனம் வாராது. ஓர் இறகு போனாலும் பந்து காற்றில் நொண்டும் என்பதை அன்றே கண்களால் கண்டோம். அதற்குக் காரணம் கேட்கத்தான் தோன்றவில்லை.

இந்நாட்டின் பெயரை உலகம் முதன்முதல் அறிந்த விளையாட்டு இதுவே எனலாம். 1949இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் நடந்த முதல் தாமஸ் கிண்ண இறுதிப் போட்டியில் மலாயா டென்மார்க்கை 8–1 என்ற கணக்கில் வென்றது. 1952, 1955 ஆகிய ஆண்டுகளிலும் கிண்ணம் நம்மிடமே இருந்தது. வோங் பெங் சூன் அகில இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை நான்கு முறை வென்றார். எட்டி சூங் என்பாரும் நான்கு முறை வென்றார். பின்னர், சிரம்பானில் 1944இல் பிறந்த பஞ்ச் குணாளன், இங் பூன் பீயுடன் இணைந்து 1971இல் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தைப் பெற்றார். நம் வீடுகளில் அவர் பெயரை அறியாத பிள்ளை அன்று இல்லை.

இவ்வெற்றிகளைப் படிக்கும்போது ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. 10 பாகைக் குளிரில் உள்ள காற்றைக் காட்டிலும் 30 பாகை வெப்பத்தில் உள்ள காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு இலேசானது. ஆகவே ஒரே பந்து கோலாலம்பூரில் தொலைவு செல்லும். குளிர்காலத்து இங்கிலாந்தில் முன்னதாகவே விழும். இறகுப் பந்துகள் அடைக்கப்படும் உருளைக் குழாய்களின் மீது 75 முதல் 79 வரை எண்கள் பொறிக்கப்பட்டிருப்பது இதன் பொருட்டே. எண் குறைந்தால் பந்தின் எடையும் வேகமும் குறையும். நம் போன்ற வெப்ப நாட்டுக்கு ஏற்றவை 75, 76 எண்கள். 78, 79 ஆகியன குளிர் நாட்டுக்கு உரியன.

இனிப் பந்தின் அமைப்பைக் காண்போம். மெல்லிய தோல் போர்த்திய ஒரு தக்கை. அதில் செருகப்பட்ட 16 இறகுகள். இறகுகளைப் பிணைக்கும் நூலும் பசையும். மொத்த எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி. உயர்ந்த வகைப் பந்துக்கு மலாயில் அங்சா எனப்படும் பெருவாத்தின் இறகே உகந்தது. (வடமொழியின் ஹம்சம்தான் மலாயில் அங்சா ஆயிற்று. நம் அன்னத்துக்கும் அச்சொல்லுக்கும் உறவுண்டு என்பர் சொல்லாய்வாளர்.) ஒரு பந்துக்குரிய இறகுகள் யாவும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டும். இடச்சிறகின் இறகு ஒருபுறம் வளையும். வலச்சிறகின் இறகு மறுபுறம் வளையும். இரண்டையும் கலந்தால் பந்து சீராகச் சுழலாது. இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படிந்திருப்பதால் பந்து பறக்கும்போது தானே சுழல்கின்றது. அச்சுழற்சி அதன் தள்ளாட்டத்தைக் குறைக்கின்றது.

எடை முழுவதும் தக்கையில் இருக்க, காற்றின் தடை முழுவதும் பின்னுள்ள இறகுக் கூம்பின் மீது விழுவதால், எப்படி அடித்தாலும் பந்து நொடிப்பொழுதில் திரும்பித் தக்கையை முன்னிட்டே பறக்கும். கூம்பின் வேலை அதோடு முடியவில்லை. பந்தின் வேகத்தைத் தின்பதும் அதுவே. இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் ஜப்பானில் நடந்த சோதனையொன்றில் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை அடித்தார். ஆனால், உயரத்திலிருந்து தானே விழும் பூப்பந்தோ மணிக்கு ஏறக்குறைய 24 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் விழுவதில்லை. எத்துணை விரைவாகப் புறப்பட்டாலும் 13.4 மீட்டர் நீளமுள்ள ஆடுகளத்துக்குள் அடங்கி விழுவதற்கு இத்தடையே துணை. இன்னொரு வியப்பும் உண்டு. இறகுத் தண்டுகளுக்கு இடையேயுள்ள சந்துகளை அடைத்துவிட்டால் தடை கூடும் என்றே நாம் கருதுவோம். காற்றுச் சுரங்கச் சோதனைகளில் தடை குறைந்ததையே கண்டனர். சந்துகளின் வழியே பாயும் காற்றும் பந்தைப் பிடித்து இழுக்கின்றது போலும். பழைய ஆட்டக்காரர்கள் இறகு நுனிகளை வெளிப்புறமாக மடித்துப் பந்தின் வேகத்தைக் குறைப்பதும் உட்புறமாக மடித்துக் கூட்டுவதும் உண்டு. இன்றைய விதி அதனைத் தடுக்கின்றது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இங்கிலாந்தில் கார்ல்டன் என்பார் பிளாஸ்டிக்கில் பூப்பந்தை வார்த்தெடுத்தார். ஓர் இறகுப் பந்து ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகத் தாங்குவதில்லை. பிளாஸ்டிக் பந்தோ வாரக்கணக்கில் உழைத்தது. விலையும் குறைவு. பள்ளிகளும் குடும்பங்களும் அதனை வரவேற்றன. நைலானால் செய்த பந்துகள் உலகெங்கும் பரவின. ஆயினும் பெரும்போட்டிகளின் வாயிலைப் பல பத்தாண்டுகளாகியும் அது கடக்கவில்லை.

இது விந்தையே. ஏனெனில், மற்ற விளையாட்டுகளில் பிளாஸ்டிக் தடையின்றி வென்றது. அமெரிக்கர் எறிந்து விளையாடும் ஃபிரிஸ்பீ தட்டு 1957இல் கடைக்கு வந்தபோதே பிளாஸ்டிக்கில் வந்தது. நம் கண்முன் நடந்த மாற்றம் வேறொன்று. 1965இல் கோலாலம்பூரில் நடந்த தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் மலாய்ச் சொல்லையும் தாய்லாந்துச் சொல்லையும் இணைத்து செப்பாக் தக்ராவ் என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. அன்று அப்பந்து பிரம்பால் பின்னப்பட்டது. 1980களில் பிளாஸ்டிக் பந்து வந்தது, பிரம்பு அகன்றது. கையால் பின்னிய இரு பிரம்புப் பந்துகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிளாஸ்டிக்கோ ஒன்றுபோல் வந்தது. அங்கே வேண்டப்பட்டது உருண்டை வடிவமும் உறுதியும் மட்டுமே. எறிதட்டுக்கும் வேண்டுவது வடிவம் மாறாமையே. பூப்பந்தில் நிலைமை வேறு. கடும் அடி வாங்கியதும் நைலான் கூம்பு காற்றின் அழுத்தத்தால் உள்ளொடுங்குகின்றது. ஒடுங்கினால் தடை குறைகின்றது. எனவே வேகம் மிகும்போது அது இறகுப் பந்தைவிட விரைந்தோடுகின்றது. வேகம் தணிந்ததும் மீண்டும் விரிகின்றது. அடிபட்டுத் திரும்புவதிலும் சற்றே தயங்கித் தள்ளாடும். இறகின் தண்டோ உள்ளே நுரைபோன்று இலேசாகவும் வெளியே விறைப்பாகவும் இருப்பதால், எந்த வேகத்திலும் கூம்பின் வடிவைப் பெரிதும் காத்துக்கொள்கின்றது. இலேசும் விறைப்பும் ஒருங்கே அமைந்த பொருளை வார்ப்பது எளிதன்று.

இனி நான் கூறுவதாகச் சொன்னது. பல ஆண்டுகளுக்கு முன், புறப்பாட நடவடிக்கைக்கு நான் பொறுப்பாசிரியராக இருந்தேன். பள்ளிக்குப் பந்து வாங்குவதும் என் வேலை. கிள்ளானில் ஒரு கடையில் நைலான் பந்துகள் மலிவாகக் கிடைத்தன. தக்கையைச் சுற்றிச் சிவப்புப் பட்டை இருந்தது. நான் அதனை அழகுக்கு என்று கொண்டேன். ஓராண்டு முழுவதும் பிள்ளைகள் அப்பந்திலேயே பழகினர். பின்வரிசையிலிருந்து தூக்கி அடித்தால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். "மெதுவாக அடியுங்கள்" என்று நானே திருத்தினேன். மாவட்டப் போட்டியில் கொடுத்ததோ இறகுப் பந்து. எங்கள் அணியில் சிறந்தவளான அம்மாணவி தூக்கியடித்த பந்துகள் எதிராளியின் பின்கோட்டை எட்டாமல் நடுக்களத்திலேயே இறங்கின. எதிராளி ஒவ்வொன்றையும் ஸ்மாஷ் அடித்து முடித்தாள். ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்தது. திரும்பும் வழியில், பேருந்திலேயே, கையில் வலுவில்லையா என்று அவளைக் கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. அடுத்த ஆண்டு அவள் பூப்பந்தாட்டக் குழுவில் பெயர் கொடுக்கவில்லை.

சிவப்பு விரைவான பந்து, நீலம் நடுத்தரமானது, பச்சை மெதுவானது என்பதும், வெப்ப நாட்டுக்குப் பச்சையே தக்கது என்பதும் நெடுநாள் கழித்தே எனக்குத் தெரியவந்தன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விதிகளைப் படித்திருந்தேன். பந்தின் வேகத்தைச் சோதிக்கும் முறையும் அவ்விதிகளில் உண்டு. ஆடுகளத்தின் பின்கோட்டிலிருந்து கீழ்நின்று மேலாக முழு வீச்சில் அடித்தால், பந்து மறுகோடியின் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் வரை முன்னதாக விழ வேண்டும். ஓர் அளவுகோலும் ஐந்து நிமிடமும் போதும். நான் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. அவள் கையில் குறையில்லை. நான் வாங்கிய பந்து அவள் கையைத் தவறாகப் பழக்கியிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இறகு உயர்ந்தது, நைலான் தாழ்ந்தது என்பது என் கட்சியன்று. வசதியுள்ள பள்ளிகள் குழாய் குழாயாக இறகுப் பந்து வாங்கும். மற்றப் பள்ளிகளுக்கு நைலான் இல்லையேல் ஆட்டமே இல்லை. பயிற்சியில் ஒரு பொருளும் போட்டியில் ஒரு பொருளும் இருப்பதே முறையற்றது.

இவ்வழக்கைத் தீர்க்க வேண்டிய மன்றமும் இப்போது நம் தலைநகரில்தான் இருக்கின்றது. உலகப் பூப்பந்துக் கூட்டமைப்பின் தலைமையகம் 2005இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 2012இல் மறைந்த பஞ்ச் குணாளனும் அக்கூட்டமைப்பின் துணைத் தலைவர் பொறுப்பை வகித்தவரே. தனித்தனிச் செயற்கை இறகுகளை இயற்கை இறகுபோலவே தக்கையில் செருகிய புதிய பந்துகளை அவ்வமைப்பு 2019இல் சில போட்டிகளில் சோதித்தது. 2021 முதல் அவற்றைப் போட்டிகளில் பயன்படுத்தலாம் என்று 2020 சனவரியில் அறிவித்தது. செலவாகும் பந்துகளின் எண்ணிக்கை 25 விழுக்காடு வரை குறையக்கூடும் என்றும் கூறியது. முன்பு வார்த்த நைலான் பந்தில் கூம்பு முழுவதும் ஒரே வார்ப்பு; இதில் தண்டும் இறகும் தனித்தனி. பிளாஸ்டிக் இம்முறை இறகின் அமைப்பைப் பின்பற்றக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் பெரும்போட்டிகளில் இன்னும் பெருவாத்தின் இறகே பறக்கின்றது. செயற்கைப் பந்தும் இயற்கை இறகுப் பந்தைப்போலவே பறக்க வேண்டும் என்பதே ஆட்டவிதி வகுத்த அளவு. ஆக, எந்தப் பிளாஸ்டிக்கும் இன்றளவும் வாத்தின் சிறகைக் கொண்டே அளக்கப்படுகின்றது.

எங்கள் பள்ளி அலமாரியில் இப்போது பச்சைப் பட்டைப் பந்துகளும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் வாங்கித் தந்த 76 எண் இறகுப் பந்துக் குழாய்கள் இரண்டும் உள்ளன. போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்களுக்கு மட்டும் இறகுப் பந்தை எடுப்போம். முதல் நாள், ஆறாம் ஆண்டு மாணவர்கள் அளவு நாடாவுடன் பின்கோட்டருகே குந்தியிருப்பார்கள், ஒருவன் அடிப்பான், விழுந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிடுவார்கள்.