‘இருவர்’ என்னும் ஒரு சொல்: அயர்லாந்து மணச் சட்டத் திருத்த வரலாறு

சட்டத்தின் மொழியும் கவிதையின் மொழியும் ஒன்றுக்கொன்று பகையானவை என்பது பலர் கருத்து. கவிதை பல பொருளை விரும்பும். சட்டம் ஒரு பொருளையே வேண்டும். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய, அயர்லாந்து நாட்டில் 2015ஆம் ஆண்டு நிகழ்ந்த ஓர் அரசியல் விவாதம் நல்ல களமாக அமைகிறது. ஒரே பாலினத்தார் மணம் செய்துகொள்வதை நாடு தழுவிய மக்கள் வாக்கெடுப்பின்வழி ஏற்ற முதல் நாடு அயர்லாந்து ஆகும். அவ்விவாதத்தைத் திருச்சபைக்கும் தனிமனித உரிமைக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமாகவே வரலாற்றாளர் பெரும்பாலும் காண்பர். அதனுள் ஒரு சொல்லைப் பற்றிய வழக்கும் நடந்தது என்பது சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் கருதத்தக்கது.

அயர்லாந்து விடுதலை பெற்ற பின்னரும் ஆங்கிலேயர் இயற்றிய 1861, 1885ஆம் ஆண்டுச் சட்டங்கள் அங்கு நிலைத்திருந்தன. டப்ளினில் பிறந்த ஆஸ்கார் வைல்டை 1895இல் ஈராண்டுக் கடுங்காவலுக்கு அனுப்பியது 1885ஆம் ஆண்டுச் சட்டமே. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும் (1860) அதே காலத்து அதே மனப்பாங்கின் விளைவுதான். 1937இல் இயற்றப்பட்ட அயர்லாந்து அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு, குடும்பத்தைச் சமுதாயத்தின் இயற்கையான அடிப்படை அலகு என்றது. அக்குடும்பத்திற்கு அடித்தளமான மணத்தைத் தனிக்கவனத்துடன் காப்பதாக அரசு உறுதி கூறியது. மணமுறிவுக்கும் அங்கு இடமில்லை. எனினும், மணம் என்பது யார் யாருக்கிடையே என்பதை அவ்வுறுப்பு எங்கும் வரையறுக்கவில்லை. எல்லார்க்கும் தெரிந்தது என்று விடப்பட்ட அந்த வெற்றிடமே பிற்கால வழக்குகளுக்கு வாயிலாயிற்று.

முதல் வழக்கைத் தொடுத்தவர் ஓர் இலக்கிய ஆசிரியர். டிரினிட்டி கல்லூரி விரிவுரையாளரும் ஜேம்ஸ் ஜாய்ஸ் ஆய்வாளருமான டேவிட் நாரிஸ், தம்மைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். அக்காலச் சூழல் கொடியது. 1982இல் டப்ளின் ஃபேர்வியூ பூங்காவில் இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் 1983 மார்ச்சில் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வீடு திரும்பினர். அதைக் கண்டித்து அப்பூங்காவை நோக்கி மக்கள் ஊர்வலம் சென்றனர். அடுத்த மாதமே உச்சநீதிமன்றம், மூவர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையில், நாரிசின் வழக்கைத் தள்ளியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1988இல் எட்டு நீதிபதிகளின் ஆதரவும் அறுவரின் எதிர்ப்பும் கொண்ட தீர்ப்பில் அவருக்கு வெற்றி அளித்தது. அதன்பின்னும் அயர்லாந்து ஐந்தாண்டுகள் தாழ்த்தி, 1993இல்தான் சட்டத்தை மாற்றியது. நாரிசுக்காக வாதாடிய மேரி ராபின்சன் 1990இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். 377ஆம் பிரிவைக் குறைத்து 2018இல் தீர்ப்பளித்தபோது இந்திய உச்சநீதிமன்றமும் நாரிஸ் வழக்கை எடுத்துக்காட்டியது.

குற்றம் நீங்கியது, மணம் வரவில்லை. கனடாவின் வான்கூவரில் 2003இல் மணந்த கேதரின் சப்போன், ஆன் லூயிஸ் கில்லிகன் இணையர், தம் மணத்தை ஏற்குமாறு தொடுத்த வழக்கு 2006இல் தோற்றது. அரசியலமைப்பில் வரையறை இல்லாவிடினும், மணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடைப்பட்டதாகவே கொள்ளப்பட்டு வந்தது என்றார் நீதிபதி. 2010ஆம் ஆண்டுச் சட்டம் ‘குடிமை இணைவு’ என்னும் தாழ்ந்த படியொன்றை அமைத்தது. பின்னர், குடிமக்கள் 66 பேரும் அரசியலாளர் 33 பேரும் தலைவர் ஒருவருமாக நூற்றுவர் கூடிய அரசியலமைப்பு மாநாடு 2013இல் கூடிப் பேசி, 79 விழுக்காட்டினர் இசைவுடன் திருத்தத்தைப் பரிந்துரைத்தது.

இனிச் சொல்லின் வழக்குக்கு வரலாம். அயர்லாந்து அரசியலமைப்பு ஐரிஷ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் உள்ளது. இரண்டும் முரண்படின் ஐரிஷ் வடிவமே மேலோங்கும் என்பது 25ஆம் உறுப்பின் விதி. பள்ளிக்கு வெளியே நாள்தோறும் ஐரிஷ் பேசுவோர் ஓர் இலட்சத்தை எட்டாத நாட்டில், பெரும்பான்மையோர் ஆங்கிலத்தில் படித்து வாக்களிக்கும் சட்டத்தின் உயிர், அவர்கள் பேசாத மொழியில் இருந்தது. 2015 சனவரியில் வெளியான முதல் வரைவின் ஐரிஷ் வாக்கியத்தைத் தமிழில், “ஆடவராயினும் மகளிராயினும் இருவர் மண ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்” என்று ஏறக்குறைய ஆக்கலாம். இதில் புரூஸ் ஆர்னால்டு என்னும் எழுத்தாளர் ஓர் இடரைக் கண்டார். இருவரும் ஆடவர், அல்லது இருவரும் மகளிர் என்றே இவ்வாக்கியம் பொருள்படலாம். அவ்வாறாயின் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மணந்துகொள்ள இடமெங்கே என்று வினவினார். நகைப்புக்கிடமான வினா என்று சிலர் ஒதுக்கினர். ஆனால் மார்ச் மாதம் அரசே வாக்கியத்தை மாற்றியது. “பால் கருதாது இருவர்” என்னும் பொருள் தரும் தொடர் வந்து அமர்ந்தது.

இரு வரைவிலும் மாறாது நின்றது ‘பெர்ட்’ என்னும் ஐரிஷ் சொல். அது மக்களை எண்ணுதற்கே உரியது. பொருள்களை எண்ண அம்மொழியில் வேறு எண் உண்டு. தமிழறிந்தார்க்கு இது புதிதன்று. ‘இரண்டு’ வேறு, ‘இருவர்’ வேறு. உயர்திணை எண்ணுப்பெயர் என்று இலக்கணம் பயில்வோர் இளமையிலேயே கற்பது இது. ஒருவன், ஒருத்தி என்று பிரியும் பால், ‘இருவர்’ என்றவுடன் பலர்பாலில் மறைந்துவிடுகிறது. ஒருமையிலும் ‘ஒருவர்’ என்பது இருபாற்கும் உரியது எனத் தொல்காப்பியர் பெயரியலில் கூறுகிறார். முதல் வரைவாளர் ‘இருவர்’ என்பதோடு நிறுத்தியிருந்தால் இடரே இல்லை. சொல் தானே மறைத்த பாலை ‘ஆடவராயினும் மகளிராயினும்’ என்று விரித்துச் சொல்லப்போய்ச் சிக்கலை வருவித்தனர். மிகைபடக் கூறலைக் குற்றமாக எண்ணிய நம் உரையாசிரியர் இவ்வாக்கியத்தைக் கண்டிருப்பின் இன்புற்றிருப்பர்.

வீதியில் நடந்த விவாதம் இத்துணை நுண்மையானதன்று. எதிர்த்தோர், குழந்தைக்குத் தாயும் தந்தையும் வேண்டும் என்று சுவரொட்டிகளில் எழுதினர். வாடகைத்தாய் முறை பெருகும் என்றும் அஞ்சினர். குழந்தை வளர்ப்புக்கும் தத்தெடுப்புக்கும் தனிச்சட்டம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறைவேறியிருந்ததால், இவ்வாதம் வாக்கெடுப்பின் பொருளைவிட்டு விலகியது என்றே கொள்ள வேண்டும். எனினும், எதிர்த்தோர் அனைவரையும் வெறுப்பாளர் என்பது முறையன்று. தலைமுறைகளாக நம்பிய சொல்லொன்றின் பொருள் மாறுகிறதே என்னும் கலக்கம் பலரிடம் உண்மையாகவே இருந்தது. ஆதரித்தோர் தரப்பில் வாதத்தைவிட வாழ்க்கைக் கதையே வலிமை பெற்றது. யேட்சும் கிரிகரி அம்மையாரும் தோற்றுவித்த அபே நாடக அரங்கில் 2014 பிப்ரவரியில், பெண்வேடக் கலைஞர் பாண்டி பிளிஸ் நாடக முடிவில் மேடையேறிப் பேசினார். சாலையைக் கடக்க நிற்கும்போதும் தம் நடையும் கையசைவும் தம்மைக் காட்டிக்கொடுக்குமோ எனத் தம்மைத் தாமே வேவுபார்க்க நேர்வதை அவர் விரித்துரைத்தார். சனவரி 2015இல், மும்பையிலிருந்து குடியேறிய மருத்துவரின் மகனும் அமைச்சருமான லியோ வரத்கர் வானொலியில் தம் இயல்பை வெளிப்படுத்தினார். 2017இல் அவரே தலைமை அமைச்சரானார்.

மே 22இல் வாக்களித்தோர் 60.5 விழுக்காட்டினர். ஆதரவு 12,01,607, எதிர்ப்பு 7,34,300. இருபது ஆண்டுகளுக்கு முன், 1995இல், மணமுறிவை ஏற்ற வாக்கெடுப்பு 9,114 வாக்கு வேறுபாட்டில் மட்டுமே வென்ற நாடு இது. 43 தொகுதிகளுள் ராஸ்காமன்–தெற்கு லீட்ரிம் ஒன்றே மறுத்தது. அதே நாளில் குடியரசுத் தலைவர் பதவிக்கான வயதை 35இலிருந்து 21ஆகக் குறைக்கும் திருத்தத்தை மக்கள் பெருவாரியாகத் தள்ளினர் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். அலையில் அடித்துச் செல்லப்பட்டு அவர்கள் வாக்களிக்கவில்லை. சமுதாயப் புரட்சி இது என்றும், திருச்சபை உண்மை நிலையை உணர வேண்டும் என்றும் டப்ளின் பேராயர் டெர்மட் மார்ட்டின் கூறினார். இந்தியாவில் இதே வினா வாக்குப்பெட்டிக்குச் செல்லவில்லை. 2023 அக்டோபர் 17இல் உச்சநீதிமன்றம், மணம் அடிப்படை உரிமையன்று, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்று கூறி நின்றது.

முடிவை எதிர்த்த மனுக்கள் தள்ளுபடியான பின், ஆகஸ்ட் 29இல் திருத்தத்திற்குக் கையொப்பமிட்டவர் அன்றைய குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ். அவர் கவிஞர்; ஐரிஷ் மொழி அறிந்தவர். மணச் சட்டம் நவம்பர் 16இல் நடைமுறைக்கு வந்தது. மறுநாள் டிப்பரரி மாவட்டத்துக் குளோன்மெல் ஊரில் முதல் திருமணம் நடந்தது. வெளிநாட்டில் முன்னரே செய்துகொண்ட மணங்களும் ஏற்கப்பட்டன; பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வான்கூவரில் நடந்ததும் அவற்றுள் ஒன்று.