ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்தது? தூத்துக்குடி மொட்டைமாடிகளின் கதை

இந்த எபிசோடுக்கு ஹெட்ஃபோன் மாட்டிட்டு மாடிக்குப் போனீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும். ஏன்னா இன்னைக்கு நாம பேசப்போறது கூரையைப் பத்தி.

வேனை வீடா மாத்தி ஊர் சுத்துறவங்களோட வீடியோ நிறைய பேர் பாத்திருப்பீங்க. உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் வெச்ச பிறகு அவங்க கை வைக்கிறது கூரையிலதான். சோலார் பேனல், அப்புறம் டிவி ஆன்டெனா. பழைய ஆன்டெனாவைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டுவாங்க, பூஸ்டர் சேப்பாங்க, வயரை மாத்துவாங்க. ஆனாலும் ஒரு தலைவலி தீராது. வண்டி நிக்கிற ஒவ்வொரு ஊர்லயும் டவர் வேற திசையில இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஆன்டெனாவைத் திருப்பணும்.

தூத்துக்குடிக்கு இந்தத் தலைவலி ரொம்பப் பழசு. அங்கே வீடு அதே இடத்துலதான் இருந்துச்சு. டவர்தான் மாறிக்கிட்டே இருந்துச்சு. ஒரு காலத்துல தென்கிழக்கு, அப்புறம் வடமேற்கு, அப்புறம் நேரா வானம். இந்த மூணு திசையையும் வரிசையா வெச்சுப் பாத்தா, அந்தக் கடற்கரையை யார் எப்போ கண்டுக்கிட்டாங்க, யார் கண்டுக்கல என்கிற வரலாறு தெரியும்.

ஸ்கேல் எடுங்க, மேப்பைப் பாருங்க

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டுல 530 கிலோமீட்டர் வரும். கொழும்புக்கு? சுமார் 280 தான். கிட்டத்தட்ட பாதி தூரம்.

இது வெறும் கணக்கு இல்ல. 1914ல தனுஷ்கோடி - தலைமன்னார் பாதை திறக்குற வரைக்கும், மெட்ராஸ்ல ரயில் ஏறி இலங்கைக்குப் போறவங்க தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறணும். 1906ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு ‘காலியா’, ‘லாவோ’ கப்பல்களை ஓட்டினதும் இந்தத் தூத்துக்குடி - கொழும்பு ரூட்லதான். மன்னார் வளைகுடாவோட முத்துக்குளிப்பு ரெண்டு கரைக்கும் பொதுவா இருந்த தொழில். கொழும்பு செட்டியார் தெருவுலயும் புறக்கோட்டையிலயும் கடை வெச்ச குடும்பங்களுக்கு இந்தப் பக்கம் சொந்த ஊர் இருந்துச்சு.

ரேடியோவும் அப்படித்தான். தெற்குச் சீமையில இலங்கை வானொலி கேட்டு வளந்த ஒரு தலைமுறை இருக்கு. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரல்கள் எல்லாம் அவங்களுக்குப் பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி. அதனால டிவி வந்தப்போ மக்கள் எந்தப் பக்கம் திரும்பியிருப்பாங்கன்னு நீங்களே யூகிக்கலாம்.

டெல்லிக்கு 1959, நமக்கு?

இந்தியாவுல டிவி 1959 செப்டம்பர் 15ல டெல்லியில சோதனை ஒளிபரப்பா ஆரம்பிச்சது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15. ஆனா சென்னை டவரோட சிக்னல் தூத்துக்குடி வரை எட்டாது. அப்போ தூத்துக்குடி தனி மாவட்டம்கூட இல்ல. திருநெல்வேலி மாவட்டத்துல ஒரு பகுதி. 1974ல பெரிய துறைமுகம்னு அறிவிச்சிருந்தாங்க. அனல்மின் நிலையம் வந்துச்சு, உப்பளங்கள் இருந்துச்சு. டிவி மட்டும் இல்ல.

அதே நேரத்துல அந்தக் கரையில என்ன நடந்துச்சு? 1979ல ஐடிஎன் ஆரம்பிச்சது. 1982 பிப்ரவரி 15ல ஜப்பான் உதவியோட ரூபவாஹினி வந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம்னு மூணு மொழி. இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகலை மலையில, 2,524 மீட்டர் உயரத்துல அதோட முக்கியமான டிரான்ஸ்மிட்டர்.

இன்னொரு அதிர்ஷ்டமும் சேந்துச்சு. இந்தியாவும் இலங்கையும் ஒரே டிவி முறையைத்தான் எடுத்துக்கிட்டாங்க, பால்-பி. அதனால இந்தியாவுல வாங்கின டிவி, எந்த மாற்றமும் இல்லாம இலங்கைப் படத்தைக் காட்டும். தேவைப்பட்டது ஒண்ணுதான்: நல்ல ஆன்டெனா.

குச்சிகளோட கணக்கு

மீன்முள் மாதிரி மாடியில நின்ன அந்த ஆன்டெனாவுக்கு யாகி-உடா ஆன்டெனான்னு பேரு. 1926ல ஜப்பான்ல, செண்டாய்ல இருந்த தொஹோகு இம்பீரியல் பல்கலைக்கழகத்தைச் சேந்த ஷிண்டாரோ உடா, ஹிடெட்ஸுகு யாகி ரெண்டு பேரும் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினது. ஜப்பான் கொடுத்த டிவி நிலையத்தை, ஜப்பான்காரங்க கண்டுபிடிச்ச ஆன்டெனாவை வெச்சு, தூத்துக்குடியில பாத்தாங்க.

அது வேலை செய்யுற விதம் எளிமையானது. வயர் இணைக்கிற ஒரு குச்சிதான் சிக்னலை வாங்கும். அதுக்குப் பின்னாடி கொஞ்சம் நீளமான குச்சி, கண்ணாடி மாதிரி சிக்னலைத் திருப்பி அனுப்பும். முன்னாடி இருக்கிற சின்னக் குச்சிகள் ஒரு திசையிலேருந்து வர்ற அலையை மட்டும் குவிச்சுக் கொடுக்கும். முன்குச்சி கூடக் கூட, தூரத்துச் சிக்னலும் கிடைக்கும். ஆனா பார்வை குறுகிடும். கொஞ்சம் திரும்பினாலும் படம் போச்சு.

இங்கேதான் நம்ம ஆளுங்களோட அப்கிரேடு ஆரம்பிக்குது. முதல்ல உயரம்: ஒரு ஜிஐ பைப் மேல இன்னொரு பைப்பைச் செருகி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினாங்க. அடுத்து குச்சிகளைக் கூட்டினாங்க. அப்புறம் பூஸ்டர்.

பூஸ்டரைப் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, இன்னைக்கு வைஃபைக்கும் இது பொருந்தும். பூஸ்டரை டிவி பக்கத்துல வெச்சா, வயர்ல வர்ற வழியில சேந்த இரைச்சலையும் சேத்துப் பெருக்கும். ஆன்டெனா கிட்டயே, பைப் உச்சியில வெச்சாதான் பலன் முழுசாக் கிடைக்கும். ஆனா உச்சியில வெச்சா உப்புக்காத்து அதைத் தின்னும். தட்டையான ரிப்பன் வயர் வெடிச்சு, உள்ளே இருக்கிற செம்பு பச்சை பூத்துடும். அதனால ரிப்பன் போய் கோஆக்ஸியல் கேபிள் வந்துச்சு. கடற்கரைக்காரங்களுக்கு ஆன்டெனா வாங்கினா முடியுற செலவு இல்ல. படகு மாதிரி, தொடர்ந்து பராமரிக்கணும்.

இதுக்கெல்லாம் மேல மனுஷச் சங்கிலி ஒண்ணு உண்டு. மாடியில ஒருத்தர் பைப்பைத் திருப்புவார். முற்றத்துல ஒருத்தர் நிப்பார். டிவி முன்னாடி ஒருத்தர் உக்காந்திருப்பார். “தெரியுதா?” “இல்ல...” “இப்போ?” “வருது, வருது... ஐயோ, போச்சு! முன்ன இருந்த இடத்துக்கே விடுங்க மாமா!”

வராத சிக்னல் எப்படி வந்துச்சு?

இப்போ ஒரு சந்தேகம் வரணும். பிதுருதலாகலைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல சுமார் 350 கிலோமீட்டர். பூமி வளைஞ்சிருக்கு. மலை உச்சி, மாடி உயரம் ரெண்டையும் சேத்துக் கணக்குப் போட்டாலும், டிவி அலை சாதாரணமா 220 கிலோமீட்டர் கிட்டதான் எட்டும். மிச்சம் 130 கிலோமீட்டரை யார் தாண்ட வெச்சா?

காத்துதான். சூடான, காய்ஞ்ச காத்து நிலத்துலேருந்து கடல் மேல வீசும்போது, அதுக்குக் கீழே கடலை ஒட்டி ஈரமான, கொஞ்சம் குளிர்ந்த காத்து தங்கும். இந்த ரெண்டு அடுக்கும் சேந்து அலையை மேல தப்பிக்க விடாம வளைச்சு, கடலை ஒட்டியே கூட்டிட்டுப் போகும். ஒரு குழாய்க்குள்ள போற மாதிரி. இரண்டாம் உலகப் போர் காலத்துல பம்பாய் பக்கம் வெச்ச ரேடார்ல, ஆயிரம் மைலுக்கு அப்பால இருக்கிற அரேபியக் கரை தெரிஞ்சது இதனாலதான். அந்த ரேடாரோட அதிர்வெண்ணும் டிவி அதிர்வெண்ணும் கிட்டத்தட்ட ஒரே பகுதி.

அதனால ரூபவாஹினிக்கும் சீசன் இருந்துச்சு. வெயில் காலத்துல, காத்து அடங்கின சாயங்காலத்துல படம் பளிச்சுன்னு வரும். மழையும் புயலும் வந்தா வெறும் புள்ளிதான். மீனவர்கள் காத்தைப் பாத்துக் கடலுக்குப் போற ஊர்ல, ஜனங்க காத்தைப் பாத்து டிவி போட்டாங்க.

பக்கத்து நாட்டு டிவியில நம்ம சொந்தக்காரங்க

இதுவரைக்கும் சொன்னது ஜாலியான கதை. 1983 ஜூலையில அந்தக் கதை மாறுது. கொழும்புல தமிழர்கள் மேல வன்முறை. கடைகள் எரிஞ்சுது, ஆட்கள் கொல்லப்பட்டாங்க. அதுக்கப்புறம் முழுப் போர். அந்த நகரத்துல சொந்தமோ வியாபாரமோ இருந்த தூத்துக்குடிக் குடும்பங்களுக்கு, மாடியில இருந்த ஆன்டெனா அன்னையிலேருந்து வெறும் கிரிக்கெட் பாக்குற சாமான் இல்ல.

ஆனா அதுல தெரிஞ்சது ஒரு அரசாங்க டிவி. அரசாங்கம் காட்ட நினைச்சதைத்தான் காட்டும். இந்தப் பக்கம் தூர்தர்ஷனும் அப்போ நேரடியா மத்திய அரசு கையிலதான். பிரசார் பாரதி வந்தது 1997ல. அதனால ஜனங்க ஒண்ணை மட்டும் நம்பல. ரூபவாஹினியில படம், சிற்றலையில பிபிசி தமிழோசை, காலையில பேப்பர். மூணையும் சேத்து, எது விட்டுப்போச்சுன்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க. செய்தியைச் சரிபாக்குறதுன்னு இன்னைக்கு வகுப்பு எடுக்குறோமே, அதை அன்னைக்கு வீட்டுத் திண்ணையில செஞ்சாங்க.

ரெண்டு அரசுக்கும் டவரோட பலம் புரிஞ்சே இருந்துச்சு. வடக்கு இலங்கையில கோகாவில்ல இருந்த ரூபவாஹினி நிலையத்தைக் காவல் காத்த ராணுவ முகாம், 1990 ஜூலையில புலிகள் தாக்குதல்ல விழுந்துச்சு. இந்தியா என்ன செஞ்சது? தூத்துக்குடியில 1053 கிலோஹெர்ட்ஸ்ல, 200 கிலோவாட் பலத்துல ஆல் இந்தியா ரேடியோவோட டிரான்ஸ்மிட்டரை நிறுத்துச்சு. அது இலங்கைத் தமிழர்களை மனசுல வெச்சது. கேக்குறவங்களா மட்டும் இருந்த ஊர், இப்போ பேசுற ஊரும் ஆச்சு.

எல்லாரும் கொடைக்கானல் பக்கம் திரும்புங்க

எண்பதுகள்ல தூர்தர்ஷன் வேகமா வளந்துச்சு. டிவி வெச்சிருக்க தபால் ஆபீஸ்ல எடுக்கவேண்டிய லைசென்ஸும் 1985ல ஒழிஞ்சது. அப்புறம் கொடைக்கானல் மலையில சக்தி வாய்ந்த டிரான்ஸ்மிட்டர் வந்துச்சு. அது தூத்துக்குடியிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். மலையோட உயரம் 2,000 மீட்டருக்கு மேல. அதனால காத்தோட தயவு தேவைப்படல, படம் வருஷம் முழுக்க வந்துச்சு.

தென்கிழக்கைப் பாத்த ஆன்டெனாக்கள் வடமேற்குக்குத் திரும்பினது அப்போதான். இதை ‘தேசிய நீரோட்டத்துல இணைஞ்சாங்க’ன்னு ஒரு வரியில முடிச்சிடலாம். ஆனா பல வீடுகள்ல பழைய ஆன்டெனாவைக் கழட்டல. ஒரே பைப்ல ரெண்டு: மேல ஒண்ணு கொடைக்கானலுக்கு, கீழே ஒண்ணு கொழும்புக்கு. அந்த ரெண்டு திசையும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு அந்த வீட்டுக்காரங்க நினைக்கல.

1993ல சன் டிவி, கூடவே தெருத்தெருவா கேபிள். பிறகு டிடிஎச். தூத்துக்குடி பூமத்திய ரேகைக்குப் பக்கம். நம்ம டிடிஎச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே, 83, 93.5 டிகிரி கிழக்கு மாதிரியான இடங்கள்ல நிக்குது. அதனால அங்கேருந்து பாத்தா செயற்கைக்கோள் கிட்டத்தட்ட தலைக்கு மேலே. கூரை அக்கம்பக்கத்தைப் பாக்குறதை விட்டுட்டு வானத்தைப் பாத்துச்சு. அதோட, கொழும்பு 280 கிலோமீட்டர்ல இருக்குன்னு ஞாபகப்படுத்த மாடியில ஒண்ணும் மிச்சம் இல்ல.

கடல்ல போற வீடு

ஆரம்பத்துல சொன்ன வேன் வீட்டுக்கு வருவோம். தூத்துக்குடிக்கு அதைவிடப் பழைய நகரும் வீடு ஒண்ணு உண்டு: தோணி. சரக்கு ஏத்திக்கிட்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன மரக்கலம். தண்டலும் ஆட்களும் அதுலேயே சமைச்சு, அதுலேயே தூங்கி வாழ்வாங்க. பாய்மரத்தோட இருந்த தோணிக்கு எஞ்சின் வந்துச்சு. திசைகாட்டிக்குத் துணையா ஜிபிஎஸ், அப்புறம் விஎச்எஃப் வயர்லெஸ்.

வீட்டு ஆன்டெனாவும் படகு ஆன்டெனாவும் இங்கேதான் பிரியுது. யாகி ஒரே திசையைப் பாக்கும், ஏன்னா யாரைக் கேக்கணும்னு வீட்டுக்குத் தெரியும். படகு ஆடும், திரும்பும். உதவி எந்தப் பக்கத்துலேருந்து வரும்னு அதுக்குத் தெரியாது. அதனால படகுல நிக்கிற ஒற்றைக் குச்சி எல்லாத் திசையையும் கேக்கும். அதுக்கு விலை தூரம். ஆறு மீட்டர் உயரத்துல ஆன்டெனா வெச்ச ரெண்டு படகு, சுமார் 20 கிலோமீட்டர் வரைக்கும்தான் பேசிக்க முடியும்.

அந்தத் தூரம் எவ்வளவு குறைவுன்னு 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் காட்டுச்சு. கன்னியாகுமரி, கேரளக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை போய்ச் சேரல. செல்போன் சிக்னல் அவ்வளவு தூரம் போகாது. நிறைய பேர் திரும்பி வரல. ஆபத்துல சிக்கின படகு செயற்கைக்கோள் வழியா தகவல் அனுப்புற கருவியை இஸ்ரோ 2010லேயே பயன்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்துச்சு. ஆனா அது ஒருவழிப் பாதை. கரையிலேருந்து படகுக்குப் பதிலும் எச்சரிக்கையும் அனுப்புற இரண்டாம் தலைமுறைக் கருவி 2024ல வந்துச்சு.

கவனிச்சீங்களா? டெல்லிக்கு டிவி வந்து, இந்தக் கரைக்கு வர இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. கரைக்கு வந்த சிக்னல் கடலுக்குப் போக இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல. ஒவ்வொரு தடவையும் அரசு வர்றதுக்கு முன்னாடி, ஜனங்க பைப்பை உயத்தி, காத்தைப் பாத்து, கைல கிடைச்சதை வெச்சுச் சமாளிச்சாங்க. அந்தச் சாமர்த்தியத்தை நாம ரசிக்கலாம், தப்பில்ல. ஆனா சமாளிக்க முடியாத இடத்துல உயிர் போச்சுங்கிறதையும் அதே மூச்சுல சொல்லணும்.

இப்போ தூர்தர்ஷனோட பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் மூடியாச்சு. தனுஷ்கோடி பக்கம் போனா, உங்க போன் தானாவே இலங்கை நெட்வொர்க்கைப் பிடிச்சு, வெல்கம் மெசேஜ் காட்டலாம். எரிச்சலா இருக்கும், ரோமிங் காசு போயிடுமோன்னு பயமா இருக்கும். அதை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க: இதே சிக்னலுக்காக மூணு ஆள் உயரத்துக்குப் பைப் நட்ட ஊர் இது.

தெக்கத்திக் கடற்கரையில உங்களுக்குத் தாத்தா பாட்டி, பெரியப்பா, அத்தைன்னு யாராவது இருந்தா, இந்த வாரம் போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “நம்ம வீட்டு ஆன்டெனா எந்தப் பக்கம் பாத்துச்சு?” பதில் நீளமா வரும், நேரம் ஒதுக்கிட்டுக் கேளுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.