கட்டுமரம் போய் ஃபைபர் வந்த கதை
மயிலாப்பூர் பக்கம் நொச்சிக்குப்பத்திலும், பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்திலும் ஒரு காலத்தில் கட்டுமரங்கள்தான் வரிசையாகக் கிடக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி அவற்றில் பலவற்றை உடைத்துப் போட்டது. அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்த ஃபைபர் படகுகள் நிவாரணமாகக் குவிந்தன.

காரணம் மோல்டு. ஒன்று இருந்தால் அதிலிருந்தே படகுகளை எடுத்துக்கொண்டே இருக்கலாம். உட்புறம் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் பூசி, கண்ணாடியிழைப் பாயை விரித்து, ஹார்டனர் கலந்த ரெசினைத் தடவி, ரோலரால் காற்றுக்குமிழிகளை வெளியேற்றுவார்கள். இப்படிப் பல அடுக்கு. இறுகியதும் கழற்றினால் படகு! அவசரத்தில் குமிழி தங்கினால் அந்த இடம் பலவீனம்தான். நிவாரணப் படகுகள் சிலவற்றின் தரம் பற்றிப் புகாரும் எழுந்தது.

கட்டுமரத்தில் கெட்ட மரத்தை மட்டும் மாற்றி, மறுபடி கட்டினால் போதும். ஃபைபர் படகு தூரம் போகும். ஆனால் என்ஜினுக்கு எண்ணெய் வாங்கியாக வேண்டும்.