அமெரிக்க மண்ணில் பிலிப்பைன்ஸ் மக்கள்: நூறாண்டு கடந்த வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் இன்று 40 இலட்சத்துக்கும் அதிகமான பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் வாழ்கின்றனர். வைத்தியசாலைகளில் தாதியராகவும் கடற்படையினராகவும் ஆசிரியர்களாகவும் கடமையாற்றும் இவர்களை அந்நாடு தனது பிரஜைகளில் ஒரு பகுதியினராகவே கருதுகின்றது. ஆயினும் இந்நிலை இலகுவில் கிட்டியதன்று. கரும்புத் தோட்டத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் வியர்வை சிந்திய இரண்டு தலைமுறையினர், உரிமையற்றவர்களாகவே வாழ்ந்து முடிந்த பின்னரே இது கைகூடியது. அந்த வரலாற்றை எமது வாசகர்கள் அறிந்திருத்தல் பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

பிலிப்பைன்ஸ் மக்களின் பாதம் அமெரிக்கக் கரையில் முதன்முதலாகப் பதிந்தது 1587 ஆம் ஆண்டிலாகும். ஸ்பானியர் மணிலாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே வணிகக் கப்பல்களைச் செலுத்திய காலம் அது. அத்தகைய கப்பலொன்றில் வந்த லூசோன் தீவினர் சிலர் கலிபோர்னியாவின் மொறோ விரிகுடாவில் இறங்கினர். பிற்காலத்தில் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் சென் மாலோ என்ற மீனவர் குடியிருப்பை 'மணிலாக்காரர்' எனப்பட்டோர் அமைத்து வாழ்ந்தனர். 1915 ஆம் ஆண்டின் சூறாவளி அக்குடியிருப்பை அழித்தது.

எனினும் பெருந்தொகையான குடியகல்வுக்கு வழிவகுத்தது 1898 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையே. இரண்டு கோடி டொலருக்கு ஈடாக ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் கையளித்தது. சுதந்திரம் கோரிய அம்மக்களை அமெரிக்கா போரிட்டு அடக்கியது. அதன் பின் பிலிப்பைன்ஸ் மக்கள் சட்டத்தில் ஒரு விசித்திரமான நிலையைப் பெற்றனர். அவர்கள் அந்நியரல்லர், ஆதலால் தடையின்றி அமெரிக்காவுக்குள் செல்லலாம். ஆனால் பிரஜைகளுமல்லர்; ஆதலால் வாக்குரிமை கிடையாது. தோட்டத்துரைமாருக்கு இதைவிட வாய்ப்பான ஏற்பாடு வேறொன்று இருந்திருக்க முடியாது.

1906 ஆம் ஆண்டு டிசம்பர் 20 ஆம் திகதி, ஹவாய் சீனித் தோட்ட உரிமையாளர் சங்கத்தினால் திரட்டப்பட்ட 15 பேர் ஹொனலூலுத் துறைமுகத்தில் வந்திறங்கினர். 'சகடா' என்றழைக்கப்பட்ட இத்தகைய ஒப்பந்தத் தொழிலாளர், அடுத்த 40 ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமாக ஹவாய்க்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இவர்களிற் பெரும்பாலானோர் இலோக்கோஸ், விசாயாஸ் பிரதேசங்களின் ஏழை விவசாயிகள். ஒவ்வோர் இனத்தவருக்கும் வெவ்வேறு குடியிருப்பு, வெவ்வேறு சம்பளம் என வகுத்து, தொழிலாளர் ஒன்றுசேராமற் பார்த்துக்கொள்வது தோட்ட நிர்வாகங்களின் வழமையாக இருந்தது. பெருந்தோட்ட வாழ்வின் கதையை மலையகத்தினூடாக அறிந்த எமது வாசகர்களுக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமில்லை.

பிரித்தாளும் இம்முறையையும் மீறி, 1920 ஆம் ஆண்டில் ஓவாகுத் தீவில் பிலிப்பைன்ஸ் தொழிலாளரும் ஜப்பானியத் தொழிலாளரும் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். 1924 ஆம் ஆண்டில் பப்லோ மன்லாப்பித்தின் தலைமையில் மற்றொரு போராட்டம் எழுந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 9 ஆம் திகதி கவாய் தீவின் ஹனபேபேயில் இடம்பெற்ற மோதலில் தொழிலாளர் 16 பேரும் பொலிஸார் நால்வரும் உயிரிழந்தனர்.

1920 களில் இளைஞர்கள் கலிபோர்னியாவுக்கும் சியாட்டிலுக்கும் பெருமளவிற் சென்றனர். கோடையில் அலஸ்காவின் மீன் தகர ஆலைகளிலும், ஏனைய மாதங்களில் தண்ணீர்விட்டான்கிழங்கு, கீரை, திராட்சைத் தோட்டங்களிலும் வேலை செய்தனர். 1930 ஆம் ஆண்டில் பெருநிலப்பரப்பில் வாழ்ந்தோர் தொகை ஏறத்தாழ 45,000. பெண்களோ மிகச் சொற்பமே. வெள்ளையரை மணப்பதைக் கலிபோர்னியச் சட்டம் தடுத்தது. நீதிமன்றமொன்று 1933 ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் மக்களுக்கு அத்தடை பொருந்தாதெனத் தீர்ப்பளித்தபோது, சட்டசபை அவ்வாண்டிலேயே சட்டத்தைத் திருத்தி 'மலே இனத்தவர்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. இதனால் குடும்பமின்றியே முதுமையடைந்தோர் பலர். இளையோர் இவர்களை 'மனோங்' என அழைத்தனர். இலோக்கானோ மொழியில் அண்ணன் என்பது அதன் பொருள்.

பொருளாதார மந்தம் வந்தபோது வெறுப்பும் வளர்ந்தது. 1930 ஜனவரியில் வொட்சன்வில் நகரில் வெள்ளையர் கும்பல்கள் பல நாட்கள் தாக்குதல் நடத்தின. 22 வயதான பெர்மின் தொபேரா தொழிலாளர் விடுதியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1934 ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸுக்குப் பத்தாண்டுகளிற் சுதந்திரம் என வாக்களித்த சட்டமே, அம்மக்களை அந்நியராக்கி, ஆண்டுக்கு 50 பேரே வரலாமென வரையறுத்தது. அடுத்த ஆண்டு இலவசப் பயணச்சீட்டுக் கொடுத்துத் திருப்பியனுப்பும் திட்டமும் வந்தது. ஏறத்தாழ 2,200 பேரே அதனை ஏற்றுச் சென்றனர், ஏனையோர் தங்கிவிட்டனர்.

இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றியது. 1942 இல் அமெரிக்க இராணுவத்தில் பிலிப்பைன்ஸ் படையணிகள் அமைக்கப்பட்டன. 1946 ஆம் ஆண்டின் சட்டம் பிலிப்பைன்ஸ் மக்களுக்கும் இந்தியருக்கும் ஒருங்கே பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. ஆனால் அதே ஆண்டில், பிலிப்பைன்ஸ் மண்ணில் அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட வீரர்களுக்கு வாக்களிக்கப்பட்ட சலுகைகளைப் பறிக்கும் சட்டமும் நிறைவேறியது. 2009 ஆம் ஆண்டிலேயே, எஞ்சியிருந்த முதியவர்களுக்கு ஒருதடவைக் கொடுப்பனவு வழங்கப்பட்டது: பிரஜைகளுக்கு 15,000 டொலர், ஏனையோருக்கு 9,000 டொலர். அதற்குள் பெரும்பாலானோர் காலமாகிவிட்டனர்.

மனோங்குகளின் இறுதிப் பெரும் போராட்டம் 1965 செப்டெம்பர் 8 ஆம் திகதி கலிபோர்னியாவின் டெலானோவில் ஆரம்பமாயிற்று. மணித்தியாலத்துக்கு 1.40 டொலர் கோரி, லாரி இட்லியோங், பிலிப் வேரா குரூஸ் முதலியோரின் வழிகாட்டலில் திராட்சைத் தொழிலாளர் வேலையைப் பகிஷ்கரித்தனர். எட்டு நாட்களின் பின்னர் சீசர் சாவேஸ் தலைமையிலான மெக்சிக்கோ வம்சாவளித் தொழிலாளரும் இணைந்தனர். ஐந்தாண்டுப் போராட்டத்தின் பின் 1970 இல் தோட்ட உரிமையாளர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். சாவேஸின் பெயரை உலகம் அறிந்தது. முதலில் வேலையை நிறுத்தியவர்களின் பெயர்கள் நீண்டகாலம் மறக்கப்பட்டிருந்தன. கலிபோர்னிய மாநிலம் ஒக்டோபர் 25 ஐ இட்லியோங் தினமாக ஏற்றது 2015 இலேயே. குடும்பமற்ற முதிய தொழிலாளருக்கென 1974 இல் டெலானோவில் அமைக்கப்பட்ட அக்பயானி கிராமம், மறியற் போராட்டத்தின்போது மாரடைப்பால் உயிர்நீத்த ஒரு தொழிலாளியின் பெயரைத் தாங்கியது.

நகரங்களில் வாழ்ந்த முதியவர்களுக்கு அந்த நிம்மதியும் கிட்டவில்லை. ஸ்டொக்டனின் 'சிறிய மணிலா' நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவின் இன்டர்நெஷனல் ஹோட்டலில் தங்கியிருந்த முதியவர்கள், 1977 ஆகஸ்ட் 4 ஆம் திகதி அதிகாலையிற் பொலிஸாரால் வெளியேற்றப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நின்றும் தடுக்க முடியவில்லை.

1965 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இனவாரியான ஒதுக்கீட்டை நீக்கியது. அதன் பின் வந்தோர் பெரும்பாலும் தாதியர், வைத்தியர், பொறியியலாளர் ஆகியோர். டேலி சிட்டி போன்ற நகரங்களில் அவர்கள் செறிந்து குடியேறினர். 1994 இல் பெஞ்சமின் கயட்டானோ ஹவாயின் ஆளுநராகத் தெரிவானார். ஆயினும் பழைய விதி முற்றாக நீங்கிவிட்டதெனக் கூறமுடியாது. அமெரிக்கத் தாதியரில் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் ஏறத்தாழ 4 சதவீதமே. ஆனால் 2020 ஆம் ஆண்டுக் கொவிட் தொற்றின் முதல் மாதங்களில் உயிரிழந்த தாதியரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அவர்களே என அந்நாட்டுத் தாதியர் சங்கம் கணக்கிட்டது.

ஒரு நாடு பிறநாட்டாரின் கரங்களை வேண்டி அழைக்கும்போது, அக்கரங்களுக்குரிய மனிதரும் வருகின்றனர். அவர்களுக்கு மனைவி மக்கள் வேண்டும், வீடு வேண்டும், வாக்கு வேண்டும், முதுமையில் ஓர் ஒதுக்கிடம் வேண்டும். இவற்றை மறுத்த காலத்தின் இழப்பைப் பின்னர் வழங்கப்படும் எந்தக் கொடுப்பனவும் ஈடுசெய்வதில்லை. ஆண்டுதோறும் பெருந்தொகையானோரை வெளிநாட்டு வேலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் எமது நாடு, அவர்கள் ஈட்டியனுப்பும் பணத்தை மட்டும் கணக்கிடாது, செல்லுமிடத்தில் அவர்களின் உரிமை யாதென்பதையும் முன்கூட்டியே கேட்டறிந்து உறுதிசெய்தல் வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.