வழிப்பாடலும் புதுக்குரலும்: பிரித்தானிய இலத்திரனியற் பொப்பிசையின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

முதனூலின் வழிவந்து, அதனோடு பெரிதும் ஒத்தும் சிறிது வேறுபட்டும் அமைவதனை வழிநூல் என்பது தமிழ் இலக்கண மரபு. ஒருவர் முன்னர் பாடிப் பதிவுசெய்த பாடலை இன்னொருவர் தம் வகையில் மீளப் பாடுவதனையும் இவ்வகையில் வழிப்பாடல் எனலாம். ஆங்கிலேயர் இதனைக் 'கவர்' என்பர். 1970களின் இறுதியில் பிரித்தானியாவில் தோன்றிய சிறு இலத்திரனியற் பொப் குழுக்களின் வரலாற்றில் வழிப்பாடல் பெற்ற இடம் பெரிது. அறியப்படாத குழு அறியப்பட்ட பாடலின் வாயிலாகவும், மறக்கப்பட்ட பாடல் புதிய குழுவின் வாயிலாகவும் கேட்போரை அடைந்தன. இக்கொடுக்கல் வாங்கலிற் பயன்பெற்றோர் யாவர், விடுபட்டோர் யாவர் என்பது ஆராயற்பாலது.

சிந்தசைசர் எனும் கருவி 1960களில் றொபேட் மூக் முதலியோரால் உருவாக்கப்பட்டது. அதன் விலை காரணமாகப் பல்கலைக்கழகங்களும் பெரும் ஒலிப்பதிவு நிலையங்களும் வசதி படைத்தோருமே அதனைப் பயன்படுத்தினர். அக்கருவிக்குப் பொதுமக்களிடையே பெயர் தேடித் தந்த வெண்டி கார்லோசின் 1968ஆம் ஆண்டு இசைத்தட்டு, பாக்கின் ஆக்கங்களின் மறுவடிவமே என்பது நோக்கத்தக்கது. புதிய பொறி தன் தகுதியை நிறுவுதற்குப் பழைய ஆக்கத்தையே நாடியது. 1970களில் கொர்க், றோலண்ட் ஆகிய யப்பானிய நிறுவனங்கள் விலை குறைந்த கருவிகளை விற்பனைக்கு விட்டன. ஜேர்மனியின் கிராப்ட்வேர்க் குழுவின் 'ஓட்டோபான்' 1974இல் வெளிவந்து, பொறியிசையும் பொப்பிசையாகலாம் எனக் காட்டிற்று. 1976, 1977ஆம் ஆண்டுகளின் பங்க் இயக்கமோ, பயிற்சியும் பெருமுதலும் இன்றியே இசைத்தட்டு வெளியிடலாம் என்ற துணிவை இளைஞர்க்கு ஊட்டியது.

இம்மூன்று போக்குகளும் டானியல் மில்லரிடம் ஒன்றுகூடின. அவர் கொர்க் கருவி ஒன்றையும் ஒலிப்பதிவுப் பொறி ஒன்றையும் கொண்டு 1978இல் வீட்டிலேயே இரு பாடல்களைப் பதிவுசெய்து, 'த நோமல்' என்ற பெயரில் வெளியிட்டார். அதற்கென அவர் இட்ட நிறுவனப் பெயரே மியூட். 1976இல் இலண்டனில் தொடங்கப்பட்ட றப் ட்றேட் கடை அவ்விசைத்தட்டைப் பரப்பியது. உறையில் அச்சிடப்பட்ட வீட்டு முகவரிக்குப் பிற இளைஞர் தம் ஒலிநாடாக்களை அனுப்பலாயினர். புதிய குழுக்களைக் கண்டறிதல் என்பது அக்காலத்தில் இத்தகைய முகவரிகள், கடைகள், மதுச்சாலை மேடைகள், பி.பி.சி. வானொலியில் ஜோன் பீலின் இரவு நிகழ்ச்சி ஆகியவற்றின் வழியே நிகழ்ந்தது.

மில்லரின் அடுத்த முயற்சி சுவையானது. 'சிலிக்கன் ரீன்ஸ்' என்ற குழுவின் பெயரில் 1979இல் சக் பெரியின் 'மெம்பிஸ், டெனசி' பாடலை இலத்திரனியல் வடிவில் வெளியிட்டார். 1980இல் வந்த நெடுந்தட்டிலும் பழைய றொக் அன் றோல் பாடல்களே மிகுந்திருந்தன. குழுவினர் எனக் குறிக்கப்பட்ட நால்வரும் கற்பனை மாந்தர். அனைத்தும் மில்லரின் கைவேலையே. சிந்தசைசரை மட்டும் இசைக்கும் இளைஞர் குழு எவ்வாறிருக்கும் என்பதனை அவர் வழிப்பாடல்களாற் கற்பனைசெய்தார். அவ்வாண்டின் இறுதியில் கிழக்கு இலண்டன் மதுச்சாலை ஒன்றில் அவர் கண்ட பேசில்டன் நகர இளைஞர் நால்வர் அக்கற்பனைக்கு உயிர்கொடுத்தனர். அவர்களே டிப்பேஷ் மோட் குழுவினர்.

வழிப்பாடலின் வலிமையையும் அதன் விலையையும் ஒருங்கே உணர்த்துவது சொப்ட் செல் குழுவின் வரலாறாகும். லீட்ஸ் நகரிற் கலை பயின்ற மார்க் ஆமண்டும் டேவிட் போலும் 1980இல் தம் முதலாவது சிறு இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். 1981இல் அவர்கள் பாடிய 'ரெயின்ரட் லவ்', எட் கொப் இயற்றி, அமெரிக்கக் கறுப்பினப் பாடகி குளோரியா ஜோன்ஸ் 1960களின் நடுப்பகுதியிற் பாடியது. அன்று அது வெற்றிபெறவில்லை. எனினும் வட இங்கிலாந்தின் தொழிலாள இளைஞர் கூடிய நடன மண்டபங்களில் அவ்விசைத்தட்டு உயிர்வாழ்ந்தது. சொப்ட் செல்லின் வடிவம் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் பில்போட் பட்டியலில் 43 வாரங்கள் நிலைத்தது.

இவ்வெற்றியின் பொருளாதாரம் கவனத்துக்குரியது. முன்னரே உரிமையாளரின் இசைவுடன் பதிவாகி விற்பனையான பாடலை, அறிவித்தல் கொடுத்துச் சில்லறை விலையில் 6.25 வீதம் செலுத்தி எவரும் மீளப் பதியலாம் என 1956ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் விதித்தது. இவ்விதி 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் நீங்கியது. வறிய குழுவுக்கு இது திறந்த கதவாயிற்று. ஆயினும் அத்தொகை பாடலை இயற்றியவர்க்கும் பதிப்பாளர்க்கும் உரியது. சொப்ட் செல் இசைத்தட்டின் மறுபக்கமும் சுப்ரீம்ஸ் குழுவின் பழம்பாடலாகவே அமைந்தமையால், இயற்றியோர்க்குரிய வருவாயில் அவ்விளைஞர்க்குப் பங்கில்லாது போயிற்று. மூலப்பாடலைப் பாடிய குளோரியா ஜோன்சுக்கும் புதிய பதிவின் வருவாயிற் சட்டம் பங்கெதனையும் வழங்கவில்லை. பாடலுக்குக் குரல் கொடுத்தோர் இருசாராரும் ஒரே விதியால் விடுபட்டமை இவ்வரலாற்றின் முரண்நகையாகும்.

பொறிக்கு உணர்ச்சியில்லை என்ற கண்டனமும் அன்று வலுவாக எழுந்தது. இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை 1982இல் சிந்தசைசரின் பயன்பாட்டைத் தடைசெய்யக் கோரியது. வாத்தியக்காரரின் தொழில் பறிபோகும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. எனினும் அதேயாண்டில் ஷெபீல்டின் மார்ட்டின் வெயரும் இயன் கிரெய்க் மார்ஷும் வழிப்பாடல்களால் மட்டும் அமைந்த தொகுதி ஒன்றை வெளியிட்டு, அதில் ரீனா ரேணரைப் பாடவைத்தனர். அத்தொடர்பின் பயனாக, அல் கிறீனின் 'லெட்ஸ் ஸ்ரே ருகெதர்' பாடலை வெயரின் தயாரிப்பில் அவர் 1983இற் பாடி வெளியிட்டார். தொழில் வாழ்வில் நலிவுற்றிருந்த அப்பாடகி மீண்டும் உலகப் புகழெய்த அது வழிவகுத்தது. பொறி மனிதக் குரலை ஒழிக்கவில்லை. கைவிடப்பட்ட குரலொன்றை மீட்டெடுத்தது.

தொகுத்து நோக்குமிடத்து, வழிப்பாடல் இக்குழுக்களின் கற்பனை வறுமைக்குச் சான்றன்று என்பது புலனாகும். மலிவான கருவி, சிறு கடை, எளிய சட்டவிதி ஆகியவற்றினிடையே தோன்றிய இளைஞர் தம்மை அறிமுகஞ்செய்த வாயில் அதுவாகும். அவ்வாயில் முன்னோர் குரலாலே திறக்கப்பட்டது. ஆகவே புதியவர்களைக் கண்டு மகிழ்வோர், அவர்க்கு முன் பாடியவரின் பெயரையும் வினவியறிதல் வேண்டும். சட்டம் வழங்காத பங்கை வழங்கவல்லது வரலாற்று நினைவே.