நீண்ட வாலும் நறுக்கிய வாலும்

காரின் மூக்கை எவ்வளவு செதுக்கினாலும் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். முதுகைச் சீர்செய்தால் கிடைப்பது அதிகம். காற்று உடலை விட்டுப் பிரியும் இடத்துக்குப் பின்னால் அழுத்தம் தாழ்ந்த, சுழல்கள் நிறைந்த ஒரு வெளி உருவாகி வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த வெளியைச் சுருக்க, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பா இரண்டு வழி கண்டது. பால் யாரே வாலை நீட்டினார். வுனிபால்ட் காம் வாலை நறுக்கினார்.

யாரே, செப்பலின் ஆகாயக் கப்பல்களை வடிவமைத்துவிட்டுச் சாலைக்கு இறங்கியவர். அவர் வழியில் உருவான செக் நாட்டு டாட்ரா 87இன் கூரை, பின்கோடி வரை ஒரே சரிவாக வழிகிறது. சரிவின் நடுவே நிமிர்ந்த ஒரு துடுப்பு. எஞ்சினுக்குக் காற்று விடும் இடுக்குகள். ஓட்டுநரின் பின்பார்வை அந்த இடுக்குகளின் தயவு.

ஸ்டுட்கார்ட் பேராசிரியர் காமும் சரிவை அப்படியேதான் தொடங்குகிறார். பின்புறம் ஓரளவு ஒடுங்கியதும் செங்குத்தாக வெட்டிவிடுகிறார். வெட்டின் விளிம்பு கூராக இருப்பது முக்கியம். விளிம்பு உருண்டிருந்தால் காற்று வளைவில் ஒட்டிக்கொண்டு, எங்கே விடுபடுவது என்று தடுமாறும். கூர்விளிம்பில் ஒரே இடத்தில் கழன்றுகொள்ளும்.

வால் போனபின்பும் ஆதாயத்தின் பெரும்பங்கு மிஞ்சுவது எப்படி? இழந்த அழுத்தம் முதல் சரிவிலேயே பெருமளவு மீண்டுவிடுகிறது. நுனியை நெருங்கும்போதோ, உடலை ஒட்டிய காற்று வேகமிழந்து தானாகவே பிரியத் தொடங்கும். அதற்கு மேல் நீளும் வால் சேர்ப்பது எடையும் உராய்வும்தான். யாரேயின் வாலில் காற்று பயன்படுத்தாத பகுதியைத்தான் காம் வெட்டியெறிந்தார் என்று சொல்லலாம்.

ஆகவே எதிரிகளாகத் தோன்றும் இரண்டும் ஒரே விதிக்கு அடங்கியவை. சரிவு ஏறத்தாழ 10 முதல் 15 பாகையைத் தாண்டினால் இரண்டையும் காற்று கைவிடும். நோயும் பொது: சரிந்த முதுகின்மேல் காற்று விரைவதால் வண்டியின் பின்பாகம் மேலே தூக்கப்படுகிறது.

டாட்ரா 87இன் ஐந்திலொரு பங்கு மாதிரி, 1941 சோதனையில் 0.244 இழுவைக் குணகம் (காற்றின் எதிர்ப்பை அளக்கும் எண், குறையக் குறைய நல்லது) காட்டியது. 1979இல் ஃபோக்ஸ்வாகன் காற்றுச் சுரங்கத்தில் அசல் கார் காட்டியது 0.36. நறுக்கிய வாலோடு 2003இல் வந்த டொயோட்டா பிரியஸின் குணகம் 0.26. (அரை நூற்றாண்டுக்கும் மேலான முன்னேற்றம் இதில் சேர்ந்திருப்பதால் நேர்ப் போட்டி அன்று.) நிறுத்துமிடத்தையும் கணக்கில் சேர்த்தால் என் ஓட்டு காமுக்கே.

ஆனால் வெட்டியதை மீண்டும் ஒட்டிப் பார்த்தவர்களும் உண்டு. மெர்சிடிஸ் 2015இல் காட்டிய ‘கான்செப்ட் ஐஏஏ’ நகரத்துக்குள் நறுக்கிய வாலோடு ஓடும், 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் பின்புறத்தில் எட்டுத் தகடுகள் வெளியே நீண்டு, 39 செ.மீ. வால் முளைக்கும். குணகம் 0.25இலிருந்து 0.19க்கு இறங்கிவிடும்.