விமானப் பந்தய விபத்துகள்: காரண நிர்ணயத்தின் வரலாறு

தரையில் நாட்டிய கம்பங்களைச் சுற்றி, நிலத்தை ஒட்டினாற்போல், அதிவேகமாக விமானங்களைச் செலுத்தும் பந்தயத்தில் ஒரு விமானம் விழுந்தால், அது யந்திரக் கோளாறால் நேர்ந்ததா, விமானியின் பிழையால் நேர்ந்ததா என்னும் விவாதம் உடனே எழுவது வழக்கம். அவ்வளவு தாழ்வில் பறப்பவனுக்குத் தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் இல்லை. பெரும்பாலும் அவன் உயிர் பிழைப்பதும் இல்லையாதலால், சிதறிய உலோகத் துண்டுகளும் புகைப்படங்களுமே சாட்சிகளாக எஞ்சுகின்றன.

இவ்வகைச் சாட்சியத்தின் அருமையை முதலில் உணர்த்தியவற்றுள் ஒன்று லோவல் பெய்ல்ஸ் என்ற அமெரிக்க விமானியின் மரணம். கிளீவ்லாந்தில் தாம்ஸன் கோப்பையை வென்ற அதே ஜீ பீ விமானத்தில், 1931 டிசம்பரில் டெட்ராய்ட் நகரில் அவர் வேக சாதனைக்கு முயன்றபோது சிறகு முறிந்து விமானம் நொறுங்கியது. அக்காட்சியைப் பதிந்த திரைப்படச் சுருளைப் படம் படமாக நிறுத்திப் பார்த்தவர்கள், பெட்ரோல் தொட்டியின் மூடி கழன்று விமானியின் முன்கண்ணாடியைத் தாக்கியிருக்கலாம் என்று கருதினர்.

1933-இல் சிகாகோவில் நடந்த பந்தயத்தில் பிளாரன்ஸ் கிளிங்கன்ஸ்மித் என்ற பெண் விமானியின் விமானத்தில் சிறகைப் போர்த்தியிருந்த துணி கிழிந்தது. அவர் பந்தயப் பாதையை விட்டு விலகிச் சென்று விழுந்து மாண்டார். கிழிந்தது துணியாயிருந்தும் பழி பெண்குலத்தின்மேல் விழுந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தேசியப் பந்தயங்களில் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. புகழ்பெற்ற பெண் விமானி அமீலியா இயர்ஹார்ட் வெளிப்படையாகவே இதைக் கண்டித்தார்.

யந்திரத்தைப் பழிக்க இயலாத விபத்துகளும் உண்டு. நெடுந்தூரப் பயண சாதனைகளால் புகழ்பெற்ற பில் ஓடம், 1949-இல் கம்பம் சுற்றும் பந்தயத்தில் அனுபவம் குறைந்தவராய்க் கிளீவ்லாந்தில் போட்டியிட்டு, விமானம் புரண்டு ஒரு வீட்டின்மேல் விழ, தாமும் மாண்டார். அவ்வீட்டிலிருந்த தாயும் குழந்தையும் மாண்டனர். அத்துடன் கிளீவ்லாந்துப் பந்தயங்கள் நின்றன. 1964-இல்தான் நெவாடா மாநிலத்து ரீனோவில் பெரும் பந்தயங்கள் புத்துயிர் பெற்றன.

இவ்விவாதத்தின் உச்சம் 2011 செப்டம்பர் 16 அன்று அந்த ரீனோவிலேயே நிகழ்ந்தது. 74 வயதான ஜிம்மி லீவர்ட் செலுத்திய பி-51 மஸ்டாங் விமானம் திடீரென மேல்நோக்கித் துள்ளி, கவிழ்ந்து, பார்வையாளர் நடுவே விழுந்தது; அவர் உட்பட 11 பேர் இறந்தனர், அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். விமானியின் கூண்டில் அவர் தலை தென்படாத புகைப்படத்தைக் கண்ட பலர், முதுமையும் மாரடைப்புமே காரணம் என்று அவசரமாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் வேறு படங்களில், வாலிலிருந்து ஒரு சிறு சமன்தகடு பிய்ந்து பறப்பது தெளிவாகத் தெரிந்தது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட முடிவு இதனை விளக்கியது: தகட்டைப் பிணைத்த திருகாணிகளின் பூட்டு நட்டுகள் பழையவை, மறுபடி பயன்படுத்தப்பட்டவை; பிடி தளர்ந்ததால் அதிவேகத்தில் தகடு படபடத்து ஒடிந்தது; விமானம் துள்ளிய வேகத்தில் புவியீர்ப்பைப்போல் 17 மடங்கு விசை தாக்க, விமானி கணப்பொழுதில் செயலிழந்தார். எனவே அவர் மயங்கியது விபத்தின் காரணமன்று, விளைவே. 1998-இல் இதே ரீனோவில் பாப் ஹானா என்ற விமானி செலுத்திய மஸ்டாங்கிலும் இத்தகைய தகடு கழன்று, அவர் நினைவிழந்து, சுமார் 9,000 அடி உயரத்தில் கண்விழித்து உயிர் தப்பியிருந்தார். அந்த எச்சரிக்கை போதிய அளவு மதிக்கப்படவில்லை.

வாரியம் மற்றொன்றையும் சுட்டிக்காட்டியது: விமானத்தில் செய்த பெரும் மாற்றங்கள் ஏட்டில் பதியப்படவுமில்லை, பறந்து சோதிக்கப்படவுமில்லை. யந்திரப் பழுது என்று நாம் சொல்வதன் பின்னும் பெரும்பாலும் மனிதப் பிழை மறைந்திருக்கிறது. அது வானத்தில் அன்று, பட்டறையில் செய்த பிழை. ஆகவே, பேச இயலாத இறந்தவன்மேல் பழி சுமத்துமுன், திருகாணி முடுக்கப்பட்ட நாளிலிருந்து விசாரணையைத் தொடங்குவதே நியாயம்.